நிறுத்தியே வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காரின் டயரில் தட்டை விழுவது ஏன்?

மதுரையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் குறைவுதான். ஆனால் அவர்களில் பலருடைய குறை ஒன்றாகவே இருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கிய வண்டி கே.கே. நகரிலோ திருநகரிலோ வீட்டுப் போர்டிகோவில் உறை போர்த்தியபடி நிற்கும். உரிமையாளர் வேலை நிமித்தம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். விடுமுறைக்கு வந்து வண்டியை எடுத்துச் சுற்றுச்சாலையில் ஏறியதும் அடியிலிருந்து 'டப் டப்' என்று சீரான ஓசை கேட்கும், ஸ்டீயரிங் அதிரும். டயரில் தட்டை விழுந்துவிட்டது என்பார்கள். கடைக்காரர்கள் வழக்கில் இது ஃபிளாட் ஸ்பாட்.

அதற்குப் பிறகு வருகிற ஆலோசனைகளுக்குக் குறைவிருக்காது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து விடச் சொல்வார் ஒருவர். நைட்ரஜன் அடைத்தால் போதும் என்பார் இன்னொருவர். நான்கு டயரையும் உடனே மாற்றிவிடுங்கள் என்று மூன்றாமவர் சொல்வார். இவற்றில் எதுவும் தட்டை எப்படி உண்டாகிறது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததாகத் தெரியவில்லை. காரணம் புரிந்துவிட்டால், எதைச் செய்ய வேண்டும், எதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது தானாகவே தெளிவாகிவிடும். எந்த நேரத்தில் செய்ய வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரியும்.

முழு எடையும் எங்கே இறங்குகிறது?

டயர் பார்வைக்கு வட்டமாக இருந்தாலும், தரையைத் தொடும் இடத்தில் அது சற்றுத் தட்டையாகத்தான் இருக்கிறது. அந்த இடத்தைத் தொடுபரப்பு என்று வைத்துக்கொள்வோம். 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் நான்கு சக்கரங்களிலும் சமமாக நிற்பதாகக் கொண்டால், ஒரு டயருக்கு 350 கிலோ. காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் தொடுபரப்பு 142 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வருகிறது. அகலமான ஸ்போர்ட்ஸ் கார் டயரில் இது 22 சென்டிமீட்டர் அகலமும் ஆறரை சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு பட்டை.

இந்தக் கணக்கு தோராயமானது. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதை இதில் சேர்க்கவில்லை. என்றாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கவனிக்காமல் விட்டதால் காற்று 25 பி.எஸ்.ஐ.க்கு இறங்கியிருந்தால், அதே எடைக்கு அந்தப் பட்டை ஒன்பது சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவுகிறது, 42 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றினால் ஐந்தரை சென்டிமீட்டருக்குச் சுருங்குகிறது. பட்டை நீளமாக நீளமாக, அதன் இரு ஓரங்களிலும் டயர் கூடுதலாக மடங்க வேண்டியிருக்கிறது.

ஓடும்போது இந்த மடக்கு டயரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நொடிக்குள் வந்து போய்விடும். நிற்கும்போது ஒரே பகுதி மணிக்கணக்கில், நாட்கணக்கில் மடங்கிக் கிடக்கிறது. தட்டைக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் எடை மட்டுமே காரணம் என்றால் நிற்கிற எல்லா வண்டிகளிலும் ஒரே அளவில் தட்டை விழ வேண்டும். அப்படி விழுவதில்லை.

இஸ்திரி மடிப்பும் நைலான் இழையும்

பாலியஸ்டர் கலந்த பேன்ட்டுக்கு இஸ்திரிக்காரர் மடிப்பு வைப்பதைக் கவனித்திருப்பீர்கள். குளிர்ந்த துணியை எவ்வளவு அழுத்தினாலும் மடிப்பு நிற்காது. சூடு பட்டதும் இழை இளகுகிறது. இளகிய நிலையில் மடித்து அழுத்துகிறார். அழுத்தத்திலேயே துணி ஆறும்போது மடிப்பு அப்படியே பிடித்துக்கொள்கிறது. அதை நீக்க வேண்டுமானால் மறுபடியும் சூடு காட்ட வேண்டும்.

டயருக்குள் நடப்பதும் இதுவே. வெளியே தெரிகிற ரப்பருக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. வேகமாகச் சுழலும்போது அவை வெளிப்புறமாக விரியாமல் இருக்க, அவற்றின் மேல் நைலான் இழைகளை வட்டமாகச் சுற்றி ஓர் அடுக்கு அமைக்கிறார்கள். அதற்குக் கேப் ப்ளை என்று பெயர். நைலானுக்கு ஓர் இளகும் எல்லை உண்டு: அதற்குக் கீழே இழை விறைப்பாக இருக்கும், அதைத் தாண்டினால் வளைந்துகொடுக்கும். உலர்ந்த நைலானில் அந்த எல்லை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது; ஈரப்பதம் ஏறினால் இன்னும் கீழே இறங்கும்.

மே மாதப் பகலில் நான்குவழிச் சாலையில் திருமங்கலம் வரை போய்த் திரும்பிய காரின் டயர் இந்த எல்லையை எளிதாகத் தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் தார்ச்சாலையின் மேற்பரப்பே 60 டிகிரியைத் தொடக்கூடியது. டயர் மடங்கி மடங்கி நிமிர்வதால் உள்ளே உண்டாகும் சூடு அதற்கு மேல். அந்தச் சூட்டோடு வண்டியை நேராகக் கொண்டுவந்து போர்டிகோவில் நிறுத்துகிறோம். தொடுபரப்பில் மடங்கியிருக்கும் இழை, 350 கிலோ எடையின் கீழ் அந்த மடங்கிய வடிவத்திலேயே ஆறுகிறது. டயரின் மற்ற பகுதிகளில் இழை வட்ட வடிவத்தில் ஆறுகிறது. மறுநாள் வண்டி புறப்படும்போது ஒரே ஓர் இடம் மட்டும் சற்றே தட்டையாக இருக்கும்.

நம் ஊர் லாரி ஓட்டுநர்களுக்கு இது புதிய செய்தியன்று. இன்றைய கார்களில் உள்ள ரேடியல் வகை டயர் வருவதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் நைலான் டயர் லாரிகளில், காலையில் முதல் சில கிலோமீட்டர் வண்டி தட்டித் தட்டி ஓடி, டயர் சூடானபின் சரியாகிவிடும். அமெரிக்காவிலும் நைலான் டயர் போட்ட கார்களில் இதே காலைத் தட்டல் பெரிய குறையாகப் பேசப்பட்டது. பின்னர் அங்கே கார் டயரின் உடற்பகுதிக்குப் பாலியஸ்டர் இழை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சூடான டயர் எடையைச் சுமந்தபடி ஆறும்போது, உள்ளிருக்கும் இழை அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. எத்தனை நாள் நின்றது என்பதைப் போலவே, எந்தச் சூட்டில் கொண்டுவந்து நிறுத்தினோம் என்பதும் முக்கியம்.

ஒரே இரவில் விழும் தட்டை

மாதக்கணக்கில் நின்றால்தான் தட்டை விழும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இங்கிருந்து கொடைக்கானலுக்குக் காரில் போய்வந்தவர்களுக்கு அது சரியன்று என்று தெரிந்திருக்கலாம். வத்தலக்குண்டு வரை சமவெளி வெயில். அதன்பின் வளைவுக்கு வளைவு ஏறும் மலைப்பாதை. டயர் நன்றாகச் சூடாகி, கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் மார்கழிக் குளிரில் இரவு முழுவதும் நிற்கிறது. மறுநாள் விடிகாலையில் ஏரிச்சாலையில் வண்டியை மெதுவாக உருட்டும்போதே, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஒருமுறை இருக்கைக்கு அடியில் மெல்லிய தட்டல் தெரியும். டயர் மறுபடி சூடேறச் சூடேற அது குறைந்து, கீழே இறங்குவதற்குள் மறைந்துபோகும்.

இதைத் தற்காலிகத் தட்டை என்கிறோம். இதில் டயருக்குக் கேடு ஏதும் இல்லை. இருபது முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால், இழை தன் எல்லையைத் தாண்டி இளகி, சுழற்சியிலேயே வட்டத்துக்குத் திரும்பிவிடும். இதற்காக டயர் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

ரப்பர் மெதுவாகத் தளரும்

நீண்ட நாள் நிற்கும் வண்டியில் இரண்டாவது விளைவு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் ஆங்காங்கே இணைத்துப் பிடித்திருக்கிறது. இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பும் தன்மை அந்த இணைப்புகளால் வருகிறது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த வல்கனைசிங் முறை இதுதான். ஆனால் இந்தத் திரும்பும் தன்மை முழுமையானதன்று. தொடர்ந்து ஒரே எடையைச் சுமந்தால், ரப்பர் நாளுக்கு நாள் மிகச் சிறிய அளவில் இளகி நகர்ந்துகொண்டே இருக்கும். பொறியாளர்கள் இதைக் கிரீப் என்பார்கள்.

கிரீப்புக்கு உதவுகிறவை மூன்று: அதிக எடை, அதிக நாள், அதிக வெப்பம். நம் ஊரில் மூன்றாவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தகர ஷெட்டுக்குள் பங்குனி முதல் ஆனி வரை உறை போர்த்தி நிற்கும் வண்டியின் டயர், காங்கிரீட் கூரைக்கு அடியில் காற்றோட்டமான இடத்தில் நிற்பதைவிடக் கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது. போதாததற்கு, டயரிலிருந்து மாதத்துக்கு ஒன்று முதல் இரண்டு பி.எஸ்.ஐ. வரை காற்று இயல்பாகவே குறையும். ஆறு மாதம் கழித்து வரும் உரிமையாளர், 35 வைத்துவிட்டுப் போன இடத்தில் 25-ஐக் காண்பதில் வியப்பில்லை. இப்படி விழும் தட்டை ஓட்டினாலும் முழுதாகப் போகாமல் தங்கிவிடலாம். பழைய டயர் என்றால் அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல்.

பிரேக் இறுகச் சக்கரம் சுழலாமல் தேய்ந்து விழும் தட்டை வேறு. அங்கே ரப்பரே உரிந்து போயிருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் அது திரும்ப வளராது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் கடையில் குழப்பம் வருகிறது. கையால் தடவிப் பார்த்தால், தேய்ந்த தட்டையில் டயரின் கோடுகள் அந்த ஓரிடத்தில் மட்டும் ஆழம் குறைந்து மழுங்கியிருப்பது விரலுக்கே தெரியும். நின்றதால் விழுந்த தட்டையில் கோடுகளின் ஆழம் எங்கும் ஒன்றுபோல் இருக்கும்.

ஸ்போர்ட்ஸ் கார் ஏன் அதிகம் அவதிப்படுகிறது?

டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். அளவுக்குப் பின்னால் 'ஒய்' என்ற எழுத்து இருந்தால் அந்த டயர் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று பொருள். 'டபிள்யூ' என்றால் 270. அந்த வேகத்தில் டயர் விரியாமல் இருக்க வேண்டுமானால் கேப் ப்ளை வலுவாக இருந்தாக வேண்டும். தட்டையைப் பிடித்துவைத்துக்கொள்வதும் அதே அடுக்குதான். பாதுகாப்புக்காக வைத்ததே நிற்கும்போது தொல்லையாகிறது. அதற்காக வேகத் தகுதி குறைந்த டயரை மாற்றிப் போட நினைப்பது சரியான வழியன்று.

அடுத்தது உயரம். 165/80 ஆர்14 அளவுள்ள சிறிய கார் டயரில் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர். 245/35 ஆர்19 அளவுள்ள ஸ்போர்ட்ஸ் கார் டயரில் 86 மில்லிமீட்டர் மட்டுமே. சுவர் குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால், சிறிய தட்டையின் அதிர்வைக்கூட அது உள்வாங்கிக்கொள்ளாமல் ஸ்டீயரிங்குக்கு அனுப்பிவிடுகிறது. இந்த டயரின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 11 முறை சுழல்கிறது. ஒரே ஒரு தட்டை என்றாலும் நொடிக்கு 11 தட்டல்.

சுருக்கமாக: இழையால் விழுவது விரைவில் வந்து, ஓட்டினால் போகும், ரப்பரால் விழுவது மெதுவாக வந்து, தங்கக்கூடும், ஸ்போர்ட்ஸ் கார் டயர் இரண்டையும் கூடுதலாக உணர்த்தும்.

பயன்படாதவை

வாரம் ஒருமுறை எஞ்சினை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் உறுமவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து, ஞாயிறுதோறும் செய்யச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சக்கரம் சுழலாதபோது டயருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. எஞ்சினுக்கும் அது நல்லதன்று: ஆயில் முழுச் சூட்டை அடையாததால் அதில் சேரும் நீராவி வெளியேறாமல் தங்கிவிடுகிறது. பேட்டரிக்காகத்தான் செய்கிறோம் என்றால், அதற்கென்றே உள்ள சிறிய மெயின்டெனன்ஸ் சார்ஜர் அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும்.

நைட்ரஜன் சாதாரணக் காற்றைவிடச் சற்று மெதுவாகக் கசியும், அவ்வளவே. அழுத்தம் ஒன்றாக இருக்கும்வரை தொடுபரப்பும் ஒன்றுதான். டயருக்கு அடியில் தட்டையான பிளைவுட்டோ ரப்பர் மேட்டோ போட்டால், தரையில் சிந்திய ஆயிலும் ஈரமும் டயரில் படாமல் தடுக்கலாம்; மடக்கு குறையாது.

செய்ய வேண்டியவை

முதல் இடம் ஓட்டுவதற்குத்தான். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, குறைந்தது அரைமணி நேரம், டயர் நன்றாகச் சூடாகும்படி அழகர்கோவில் சாலையிலோ மேலூர் வரையிலோ போய்வந்தால், அதுவரை சேர்ந்த தட்டை பெரும்பாலும் கலைந்துவிடும். தெருமுனை வரை போய்த் திரும்புவது போதாது. உரிமையாளர் ஊரில் இல்லையென்றால், நம்பிக்கையான, உரிமம் உள்ள ஒருவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைப்பது வாட்ச்மேனிடம் சாவி கொடுப்பதைவிட மேல்.

திரும்பி வரும் முறையும் முக்கியம். கடைசி மூன்று நான்கு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி, டயரைச் சற்று ஆறவிட்டு வீட்டுக்குள் நுழையுங்கள். முடிந்தால் வெயில் தாழ்ந்தபின் போய்வாருங்கள். நிறுத்திய முதல் ஒருமணி நேரத்துக்குள் வண்டியை ஓரிரு முறை அரை மீட்டர் நகர்த்தினால், ஆறும் நேரம் முழுவதையும் ஒரே இடம் சுமக்காது. அரை மீட்டர் என்பது கால் சுற்று. இந்தச் சிறிய வேலையை நான் மிகவும் வலியுறுத்துகிறேன். ஏனென்றால் இழை வடிவத்தைப் பிடிப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான், அதன் பிறகு செய்வதெல்லாம் அதற்கு ஈடாகாது.

ஒரு மாதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று தெரிந்தால் காற்றைக் கூட்டுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் வழக்கமான அளவு இருக்கும். அதற்கு மேல் 5 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை ஏற்றலாம், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை எக்காரணத்தைக் கொண்டும் தாண்டக் கூடாது. அளப்பது காலையில், வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் வரை போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகி அளவு மாறிவிடும் என்பதால், 12 வோல்ட்டில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது வசதி. கூட்டிய அளவிலேயே சாலையில் ஓட்டக் கூடாது, பிடிமானம் குறையும். 'காற்றைக் குறைக்கவும்' என்று ஒரு சீட்டெழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிட்டுப் போனால், வண்டியை எடுப்பவர் யாராக இருந்தாலும் மறக்க மாட்டார்.

வாரத்துக்கு ஒருமுறை கால் சுற்று நகர்த்தி வைப்பது உதவும். ஆனால் அது பழைய இடத்தை அழிப்பதில்லை. சுமையைப் பல இடங்களுக்குப் பங்கிடுகிறது. சித்திரைத் திருவிழா நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வீடு உள்ளவர்களால் காரை வெளியே எடுக்கவே முடியாது. அப்போது வாசலுக்குள்ளேயே இப்படி நகர்த்திக்கொள்ளலாம்.

டயரின் வளைவுக்கு ஏற்பக் குழிவாகச் செய்த தாங்கிகளும் விற்பனைக்கு உண்டு. அவை தட்டையான தரைக்குப் பதிலாக வளைந்த பரப்பைத் தருவதால், டயர் தன் வட்டத்தை ஓரளவு காப்பாற்றிக்கொள்கிறது. மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நிறுத்துபவர்களுக்கு இவை செலவுக்குத் தகுந்த பயனைத் தரும்.

வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினால் டயரில் எடையே இறங்காது. ஆனால் சஸ்பென்ஷன் முழுவதும் தொங்கியபடி மாதக்கணக்கில் இருப்பது அதன் ரப்பர் புஷ்களுக்கு உகந்ததன்று. எனவே நீண்ட கால நிறுத்தத்துக்கு மட்டும், அந்த மாடலை அறிந்த மெக்கானிக்கைக் கொண்டு, கையேட்டில் காட்டியிருக்கும் இடங்களில் மட்டும் தாங்கல் கொடுத்துச் செய்ய வேண்டும். ஹாலோ பிளாக்கையும் செங்கலையும் அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவதைப் பார்க்கிறேன். அவை எச்சரிக்கையின்றி உடைந்து சரியக்கூடியவை. ஜாக்கியை மட்டும் நம்பி விடுவதும் அப்படியே.

எப்படி நிறுத்தினாலும், நீண்ட நாளுக்கு ஹேண்ட் பிரேக் போட்டு வைக்காதீர்கள். பிரேக் பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். கியரில் வைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

அதிர்வு வந்துவிட்டால்

முதலில் காற்றை வழக்கமான அளவுக்குக் கொண்டுவந்து, பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, மிதமான வேகத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்து, போகப்போகக் குறைந்தால் அது தற்காலிகத் தட்டை. மெதுவாகப் போகும்போது இல்லாமல் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தோன்றி, எவ்வளவு ஓட்டினாலும் அப்படியே இருந்தால் பேலன்சிங் கோளாறாக, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாததாக இருக்கலாம்.

பேலன்சிங் செய்வதென்றால் டயரைச் சூடாக்கியபின் செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த டயரில் தட்டை இருக்கும்போதே ஈய எடை ஒட்டினால், அந்தத் தட்டைக்கும் சேர்த்து எடை வைத்ததாகிவிடும். பிறகு ஓடித் தட்டை மறைந்ததும் அந்த எடையே புதிய அதிர்வைக் கொண்டுவரும். ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திவிட்டுச் சக்கரத்தைப் பொருத்தும் கடைகளில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

ஓட்டியும் போகவில்லை என்றால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். '2619' என்றால் 2019-ஆம் ஆண்டின் 26-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாத காரில் கோடுகள் புதிதுபோல் ஆழமாக இருந்தாலும் ரப்பர் முதுமை அடைந்திருக்கும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தவரிடம் காட்டுவதும், பத்து ஆண்டு ஆனதை எப்படியிருந்தாலும் மாற்றிவிடுவதும் மிச்செலின் நிறுவனம் தரும் பரிந்துரை. தட்டை தங்கிவிட்ட டயர் ஒன்றே ஒன்றானாலும், அதே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் உள்ள கார் என்றால், கையேட்டில் உள்ள அளவையும் வேக எழுத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.